கட்டிய வீடுகளும் எண்ணப்படாத மாந்தரும்

உள்நாட்டுப் போரால் சிதைந்த ஒரு நாட்டைப் புனரமைக்க உலக நாடுகள் முன்வருவது போற்றத்தக்கதே. எனினும், அவ்வுதவி எவரை எண்ணிற்று, எவரை எண்ணாது விட்டது என்று கேட்காதிருப்பது நேர்மையாகாது.

இலங்கையை எடுத்துக்கொள்வோம். 1990 அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். பெரும்பாலோர் புத்தளத்தில் தஞ்சமடைந்தனர். 2002 பிப்ரவரியில் நார்வேயின் அனுசரணையோடு உருவான போர்நிறுத்த உடன்படிக்கையில் கையொப்பமிட்டவை அரசும் புலிகளும் மட்டுமே. பின்னர் நடந்த பேச்சுகளில் ரவூப் ஹக்கீம் அமர்ந்தாரெனினும், அரசுக் குழுவின் உறுப்பினராகவே அமர்ந்தார். 2003இல் டோக்கியோவில் கூடிய நாடுகளும் நிறுவனங்களும் 450 கோடி டாலர் தருவதாக வாக்களித்தன. 2005இல் ஆழிப்பேரலை நிவாரணத்துக்கான பொதுக் கட்டமைப்பிலும், கிழக்குக் கரையில் பேரழிவைச் சந்தித்த முஸ்லிம்கள் கையொப்பமிடும் தரப்பாகச் சேர்க்கப்படவில்லை.

2009இல் போர் முடிந்தபின், 2008 ஏப்ரலுக்குப் பிறகு இடம்பெயர்ந்தோர் 'புதியோர்' எனவும், அதற்கு முந்தியோர் 'பழையோர்' எனவும் வகுக்கப்பட்டனர். முன்னுரிமை புதியோருக்கே கிட்டியது. இந்தியா 50,000 வீடுகளுக்கு உதவியது; அது பெரும்பணியே. ஆயினும், ஒரு குடும்பமாக வெளியேறி, இருபதாண்டுகளில் மூன்று குடும்பங்களாகப் பெருகியோர் பழைய ஒரே மனையை எவ்வாறு பங்கிடுவர்?

இக்கேள்வி முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதன்று. நம் தர்மபுரி மாவட்டத்தில் தும்பலஹள்ளி, வாணியாறு, நாகாவதி அணைகளை அடுத்த முகாம்களில் வாழும் ஈழத்தமிழர்க்கும் உரியதே. தமிழக அரசு 2021இல் அவற்றை 'மறுவாழ்வு முகாம்' எனப் பெயரிட்டுப் புதிய வீடுகள் கட்ட முன்வந்தது நற்செயல். தாயகம் திரும்பியோருக்கு ஐ.நா. அகதிகள் ஆணையம் பயணச் செலவும் சிறுதொகையும் வழங்கிற்று. ஆனால், தாயகத்தின் எதிர்காலம் பேசப்பட்ட மேசையில் இவர்களுக்கும் இருக்கை இருந்ததில்லை. ஒருவரை விரட்டியது புலிகளின் ஆணை. மற்றவரை விரட்டியது இனக்கலவரமும் போரும். ஏட்டில் இடம்பெறாமையில் இருவரும் ஒருவரே.

ஆயுதம் ஏந்தியோருடன் பேசாமல் போர் ஓயுமா என்று வினவலாம். ஓயாது. ஆனால், போரை நிறுத்துவது வேறு; நாட்டை மீண்டும் எழுப்புவது வேறு. முன்னதற்குப் போரிட்டோர் போதும். பின்னதற்குப் போரால் ஓடியோரும் வேண்டும்.

இது உலகம் அறியாத நெறியன்று. 1995இல் போஸ்னியாவுக்கென எழுந்த டேட்டன் உடன்படிக்கை, போரில் இழந்த வீட்டைத் திரும்பப் பெறும் உரிமையை அகதிகள் அனைவருக்கும் எழுதிவைத்து, உரிமைக் கோரிக்கைகளை ஆராயத் தனி ஆணையமும் அமைத்தது. மீட்ட வீட்டை விற்றுவிட்டு அகன்றோர் பலர் உண்டு, அவ்வேற்பாடு குறையற்றதன்று. எனினும், ஓடியவனின் பெயர் அங்கே ஏட்டில் இருந்தது.

யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவில் பிறந்தவருக்கும், வாணியாற்று முகாமில் பிறந்தவருக்கும் வேண்டுவது அதுவே: வெளியேறிய ஆண்டையும் தங்கிய நாட்டையும் பாராத ஒரு பதிவேடு. அதனை நிபந்தனையாக்காமல் பொருள் வழங்கும் நாடுகள் வீடுகளை எழுப்பக்கூடும். ஊர்களை எழுப்ப இயலாது.