ஆடிக்காற்றில் உருவாகும் அணி

காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிக்கு சைக்கிள் மிதிக்கக் கிளம்பும் எந்த அணியாக இருந்தாலும், ஆடி மாசத்தில் ஒருமுறை காவல்கிணறு பக்கம் வந்துவிட வேண்டும் என்பேன். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேல்காற்று பாய்ந்து வரும் இடம் அது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் சும்மாவா நிற்கின்றன? 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஸ்ரீநகர் தொடங்கி 3,700 கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டப்போகிறவர்களுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது!

தனியாக ஓட்டும்போது காற்று முழுவதும் நம் நெஞ்சில்தான் மோதும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிவிடும். ஆனால் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கு ஓரடி, ஒன்றரை அடி தள்ளி நம் முன்சக்கரத்தை வைத்துப் பாருங்கள்! கால்பங்கு உழைப்பாவது மிச்சமாகும். இரண்டு நிமிஷம் முன்னால் நின்றவர் விலகிப் பின்னால் வர, அடுத்தவர் காற்றை வாங்கிக்கொள்வார். மாற்றி மாற்றி இப்படிப் போகிற அணியைப் பின்னாலிருந்து பார்ப்பதே ஒரு சுகம்.

காவல்கிணற்றில் காற்று பக்கவாட்டில் அடிக்கும். அங்கே நேர்வரிசை உதவாது. தெற்கே போகும்போது காற்று வலப்பக்கம் வருவதால், ஒருவருக்கு இடப்பக்கமாகச் சற்றுப் பின்னால் அடுத்தவர் என்று சாய்வாக அணிவகுக்க வேண்டும். சாலையோரத்தில் மூன்று பேருக்குத்தான் இடம் இருக்கும். அதனால் மூன்று மூன்று பேராகப் பிரித்து, வண்டி குறைவாக ஓடும் விடியற்காலையில் பழக்குவேன். ஒரு பஸ் தாண்டும்போது காற்று சட்டென்று நின்றுபோகும். காற்றுக்கு எதிராகச் சாய்ந்திருந்த சைக்கிள் பஸ் பக்கமே இழுக்கும். பஸ் போனதும் காற்று திரும்ப வந்து அறையும். முழங்கையைத் தளர்த்தி, ஹேண்டில்பாரை இறுக்காமல், பிரேக்கைத் தொடாமல் அந்த இரண்டு நொடியைக் கடக்கப் பழகியவர் எந்த நெடுஞ்சாலையிலும் பயப்பட மாட்டார். ஒருமுறை “அண்ணாச்சி, ரெண்டு குறைங்க, பின்னால விடுது!” என்று கல்லூரிப் பையன் கத்த, ஓய்வுபெற்ற வாத்தியார் உடனே வேகத்தைக் குறைத்தாரே, அந்த நிமிஷமே அந்தக் கூட்டம் ஓர் அணி ஆகிவிட்டது.

மற்ற பயிற்சிகளும் அருமையானவை. பஞ்சர் போடுவதை எல்லாருக்கும் கற்றுக்கொடுப்பேன். ட்யூபை மாற்றும் முன் டயரின் உள்பக்கத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்க்க வேண்டும். லாரி டயரிலிருந்து உதிர்ந்த மயிரிழைக் கம்பி ஒன்று அங்கே குத்திக்கொண்டிருக்கும். அதைப் பிடுங்காமல் புது ட்யூப் போட்டால் அதுவும் போச்சு. சாப்பாடும் அப்படித்தான்: பசி வரும்வரை காத்திருக்கக் கூடாது. அரைமணிக்கு ஒருதரம் ஒரு வாழைப்பழமோ கோவில்பட்டிக் கடலைமிட்டாயோ உள்ளே போக வேண்டும். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய அந்த மிட்டாயின் ஊரும் இதே நெடுஞ்சாலையில்தான் இருக்கிறது என்பதில் எனக்குத் தனிப் பெருமை!

நீண்ட தூரத்துக்கு பிரெவே ஓட்டங்கள் இருக்கின்றன. 200 கிலோமீட்டரை 13.5 மணி நேரத்தில், 600ஐ 40 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். இரவில் ஓட்டவும், தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது பக்கத்தில் வருபவரிடம் பேசிக்கொண்டே போகவும் அங்கே பழகலாம்.

எத்தனை பலசாலிகள் இருந்தாலும், காற்றைப் பங்குபோடத் தெரியாத கூட்டம் பாதியிலேயே பிரிந்துவிடும். சுமாராக ஓட்டுகிறவர்கள்கூட, காற்றைப் பகிரத் தெரிந்தால் கடற்கரைவரை ஒன்றாக வந்து சேர்வார்கள். அணி சேர்த்துவிட்டீர்களா? முதல் பயிற்சியை ஆடியிலேயே வையுங்கள். திருநெல்வேலியில் இறங்கி நேரே தெற்கே வாருங்கள். மிச்சத்தைக் காற்று கற்றுக்கொடுக்கும்!