பிரேக்டவுன் நிமிடங்கள்: ஓர் அளவுகோலைச் சோதித்தல்

மெயின்டனன்ஸ் பிரிவின் திறமையை அளக்க ஆலைகள் பலவும் ஓர் எண்ணையே நம்புகின்றன. நின்றுபோன எந்திரத்தைச் சராசரியாக எத்தனை நிமிடத்தில் மறுபடி ஓடவிட்டார்கள் என்பதே அது. மாதக் கூட்டத்தில் அந்தச் சராசரி இறங்கியிருந்தால் பாராட்டு, ஏறியிருந்தால் கேள்விமேல் கேள்வி. எண்ணில் பொய் இல்லை. ஆனால் அதற்கு முதலிடம் கொடுப்பது ஆலையைக் கெடுக்கிறது என்பது என் முடிவு.

முதலில் அந்த எண்ணின் பக்கம் இருக்கும் நியாயம். கண்ணாடி உலை குளிர்ந்தால் உருகிய கண்ணாடி உள்ளேயே உறையும். சாயத் தொட்டியில் பம்ப் நின்றால் துணி திட்டுத்திட்டாகிவிடும். இத்தகைய இடங்களில் நிமிடத்துக்கு விலை உண்டு. மேலும், பழுதுக்குப் போகும் நேரத்தில் ஸ்பானர் பிடிக்கும் நேரம் ஒரு பங்குதான். தகவல் வந்து சேர்வது, கோளாறு எங்கே என்று பிடிபடுவது, ஸ்டோரில் ஸ்பேர் தேடுவது எல்லாம் சேர்ந்ததே மீதி. இந்த வீண் காத்திருப்பைக் குறைக்கச் செய்யும் எந்த வேலையும் நல்ல வேலையே.

கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் சிக்கல் தெரிகிறது. ஓர் எந்திரம் 100 மணி நேரம் ஓடி, பழுதாகி, 2 மணி நேரம் நிற்கிறது என்று கொள்வோம். அது ஓட்டத்தில் இருக்கும் நேரம் சுமார் 98 சதவீதம். பழுதுபார்க்கும் நேரத்தை 1 மணியாக்கினால் இது 99 சதவீதமாகும். பழுதுபார்ப்பை 2 மணியாகவே விட்டுவிட்டு, 200 மணி நேரம் நிற்காமல் ஓடவைத்தாலும் அதே 99தான். சூத்திரத்தின் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. ஆனால் 2,020 மணி நேரத்தில் முதல் வழியில் எந்திரம் 20 முறை நிற்கும், இரண்டாம் வழியில் 10 முறை. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் பிறகு வரும் கழிவுச் சரக்கும், அவசரத்தில் திறந்த எந்திரத்துக்குள் கையை விடும் ஆபத்தும் அந்தச் சதவீதத்தில் ஏறுவதேயில்லை.

பம்ப் ஒன்றின் பேரிங் போகிறது. புதிய பேரிங்கைத் தட்டி ஏற்றி, கப்ளிங்கை மாட்டி ஓடவிட்டால் நல்ல நேரம் பதிவாகும். பழைய பேரிங்கை வெட்டித் திறந்து, ஓடுபாதையில் தேய்மானம் எந்தப் பக்கம் என்று பார்த்து, டயல் கேஜ் வைத்து அலைன்மென்ட் சரிசெய்தால் நேரம் கூடும். அந்தக் கூடுதல் நேரம் எதை வாங்கித் தருகிறது? பால் பேரிங்கின் ஆயுள் சுமையின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. சுமை கால் பங்குக்குச் சற்று மேல் கூடினாலே ஆயுள் பாதியாகும். இரண்டு மடங்கானால் எட்டில் ஒன்றுதான் மிஞ்சும். கோணலாக நிற்கும் மோட்டார் அந்த அதிகச் சுமையைச் சத்தமில்லாமல் ஏற்றிவைக்கிறது. நிமிடங்களை எண்ணும் ஆலையில் அலைன்மென்ட் பார்க்கும் ஃபிட்டர் மந்தமானவர். அவசரமாக மாட்டிவிட்டு, சில மாதத்தில் அதே பேரிங்குக்காகத் திரும்பி வருபவர் சுறுசுறுப்பானவர். உழைப்பாளிக்கு இழைக்கப்படும் இந்த அநீதிதான் அந்த எண்ணுக்கு எதிரான என் முதல் குற்றச்சாட்டு.

இரண்டாவது குற்றச்சாட்டு உயிர் சம்பந்தப்பட்டது. 1988 ஜூலை 6 இரவு, வட கடலின் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் ஒரு பம்ப் ட்ரிப் ஆகி நின்றது. மறுபடி கிளப்ப முடியவில்லை. பராமரிப்புக்காக நிறுத்தியிருந்த மற்றொரு பம்பை இரவு ஷிப்ட் ஓடவிட்டது. அதன் பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்டிருந்தது, அந்த இடத்தில் கசிவு தாங்காத மூடித்தகடுதான் இருந்தது என்ற செய்தி பகல் ஷிப்டிலிருந்து அவர்களுக்கு வந்து சேரவில்லை. அங்கே ஏற்பட்ட கசிவு வெடித்து விளைந்த பேரழிவில் 167 பேர் இறந்தார்கள். பராமரிப்பு வேலைக்கு எழுத்தில் அனுமதி தரும் பர்மிட் முறையும் ஷிப்ட் கைமாற்றமும் பழுதுபட்டிருந்ததை லார்டு கல்லனின் விசாரணை வெளிக்கொண்டுவந்தது. சீக்கிரம் ஓடவிட வேண்டும் என்ற நெருக்கடி வரும்போது முதலில் உதிர்வது இந்த எழுத்து வேலைதான். நிமிடக் கணக்கில் பர்மிட் எழுதும் நேரமும் தாமதமாகவே பதிவாகிறது.

அப்படியானால் பழுதாகும் முன்பே எல்லாவற்றையும் கழற்றி மாட்டிவிடலாமே என்பார்கள். அதுவும் நிற்காது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் கரையோர விமானப் படைப்பிரிவை ஆராய்ந்த சி.எச். வாடிங்டனின் குழு, கால அட்டவணைப்படி சோதனை முடித்த உடனேதான் கோளாறுகள் கூடுகின்றன என்று கண்டது. 1978இல் யுனைடெட் ஏர்லைன்ஸின் நோலனும் ஹீப்பும் அளித்த அறிக்கையில், வயது ஏற ஏறக் கெடும் தன்மை 11 சதவீத விமானப் பாகங்களிலேயே காணப்பட்டது. விமான எண்ணை அப்படியே நூற்பாலைக்கு ஒட்டவைக்க முடியாது. ஆனால் தேவையின்றித் தொட்டால் கெடும் என்ற உண்மை இரண்டு இடத்துக்கும் பொது. நின்றாலும் நட்டமில்லாத கழிப்பறை விசிறி போன்றவை எரியும்வரை ஓடட்டும், அதில் தவறில்லை.

ஆகவே நான் முதலிடம் தருவது மறுபழுதுக் கணக்குக்கு: அதே எந்திரம், அதே கோளாறு, மறுபடி எப்போது வந்தது? பிரேக்டவுன் சீட்டில் இரண்டு கையெழுத்து வேண்டும். எந்திரம் ஓடியதும் ஒன்று. காரணம் எழுதப்பட்டு, குறித்த காலம் கோளாறின்றி ஓடிய பிறகு இன்னொன்று. நிமிடக் கணக்கு உலை போன்ற இடங்களுக்கு மட்டும் இருக்கட்டும், அதுவும் காத்திருப்பு, கண்டுபிடிப்பு, பழுதுவேலை என்று பிரிந்து.

ஷிப்டுக்கு இரண்டு ஃபிட்டர் இருக்கும் சிறு ஆலைக்கு இது கட்டுப்படியாகுமா என்ற கேள்வி நியாயமானது. எல்லாக் கோளாறுக்கும் காரணம் தேட அவர்களால் முடியாது. மூன்றாம் முறை வந்ததற்கு மட்டும் தேடட்டும். அதற்கு எந்திரத்தை நிறுத்தித்தர உற்பத்திப் பிரிவு மறுத்தால், அடுத்த பிரேக்டவுனின் நிமிடங்கள் அந்தப் பிரிவின் கணக்கில் எழுதப்பட வேண்டும்.