நல்ல படம் பார்த்த பிறகு: ஒரு திரைப்பட வட்டத்தின் வாராந்தக் கூடல்கள்

கவிதை, சிறுகதை பற்றி நமது சஞ்சிகைகள் எழுதிய அளவுக்குத் திரைப்படம் பற்றி எழுதியதில்லை. எழுதியவைகூடப் படங்களைப் பற்றியவையே. படம் பார்க்கும் நம்மைப் பற்றி எழுதியது மிகவும் குறைவு. ஒரு கவிதையை வாசகன் எப்படி வாசிக்கிறான் என்பது விமர்சனத்தின் கரிசனைக்கு உரியதென்றால், ஒரு படத்தை ஒரு சபை எப்படிப் பார்க்கிறது என்பதும் அதற்கு உரியதுதான். நமது பிரதேசத்தில் இயங்கும் ஒரு திரைப்பட வட்டத்தை முன்வைத்தே இதனை எழுதுகிறேன். ஏனைய ஊர்களிலும் இத்தகைய முயற்சியில் ஈடுபடுவோருக்கு இது பொருந்தக்கூடும்.

இந்த வட்டம் சனிக்கிழமை தோறும் இஷாத் தொழுகைக்குப் பின்னர் வாசிகசாலை மண்டபத்தில் கூடுகிறது. சுவரில் வெள்ளைத் துணி, இரவல் வாங்கிய புரொஜெக்டர், இருபது முப்பது கதிரைகள். மாதத்தில் ஒருமுறை வேன் பிடித்து அயல் நகரத்துத் திரையிடலுக்குப் போய் வருவதும் உண்டு. ஆசிரியர்கள், பல்கலைக்கழக மாணவர்கள், ஒரு தையல்காரர், இரண்டு மீன் வியாபாரிகள், அண்மையில் பணி ஓய்வு பெற்ற ஒரு தபாலதிபர் ஆகியோர் ஒழுங்காக வருவோர். உபதலைப்புகள் ஆங்கிலத்தில் இருப்பதால் ஓர் இளைஞர் முன்வரிசையில் அமர்ந்து உரத்த குரலில் தமிழில் சொல்லிக்கொண்டே போவார். படம் முடிந்ததும் தேநீர், பிறகு கலந்துரையாடல். யுத்த காலத்தில் படமாளிகைகள் மூடிப்போன பிறகு தொலைக்காட்சித் தொடர்களே திரையனுபவம் என்றாகிவிட்ட ஒரு சூழலில் இது சிறிய காரியமல்ல.

ஆனால் இந்த வட்டம் எந்தப் படங்களைத் தேர்கிறது, அவற்றை எவ்வாறு வாசிக்கிறது என்று பார்க்கும்போது சில கேள்விகள் எழுகின்றன.

தொடக்கத்திலேயே வட்டத்துக்கு எதிர்ப்பு இருந்தது. படம் பார்ப்பதே ஹறாம் என்றனர் சிலர். இந்த எதிர்ப்புக்குப் பதிலாக அமைப்பாளர்கள் ஈரானிய சினிமாவை முன்வைத்தார்கள். ஆபாசமில்லை, வன்முறையில்லை, பெண்கள் தலையை மூடியிருக்கிறார்கள், பிள்ளைகளோடு இருந்து பார்க்கலாம் என்றார்கள். ஈரான் ஷீஆ நாடு என்ற முணுமுணுப்பு எழுந்தபோதிலும் இந்த வாதம் எடுபட்டது. திரையிடல்கள் தொடர்ந்தன. ஆனால் அந்த வெற்றிக்கு ஒரு விலை இருந்தது. படத்தை அளக்கும் கோல் 'சுத்தம்' என்றாகிவிட்டது. ஈரானிய சினிமா ஒரு கலையாக அல்ல, ஓர் அனுமதிச் சீட்டாகவே ஊருக்குள் நுழைந்தது. அனுமதிச் சீட்டை எவரும் வாசிப்பதில்லை. காட்டிவிட்டுச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வார்கள்.

மஜீத் மஜீதியின் 'சொர்க்கத்தின் குழந்தைகள்' (1997) வட்டத்தில் மூன்று தடவைகள் திரையிடப்பட்டிருக்கிறது. தங்கையின் சப்பாத்தைத் தொலைத்துவிட்ட அலி, வாப்பாவுக்குச் சொல்லாமல் தன் சப்பாத்தையே அவளோடு மாறி மாறி அணிந்து பாடசாலை செல்லும் கதை. கலந்துரையாடலில் பெரும்பாலும் ஒலித்த சொல் 'சபூர்'. வறுமையிலும் பிள்ளைகள் பொறுமை காக்கிறார்கள் என்பதே எல்லோரும் எடுத்துக்கொண்ட பாடம். அந்தப் படத்தில் பொறுமை மட்டுமா இருக்கிறது? வாப்பாவும் மகனும் சைக்கிளில் தெஹ்ரானின் பணக்காரப் பகுதிக்குத் தோட்ட வேலை தேடிப் போகும் காட்சியை எவரும் பேசவில்லை. பூட்டிய வாயில்களின் அழைப்பு மணிக் கருவியிலிருந்து வரும் குரலுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் வாப்பா தடுமாறுகிறார். மகன்தான் பேசுகிறான். ஒரு நகரத்தின் இரு பாதிகளுக்கு இடையிலுள்ள தூரம் அந்தச் சில நிமிடங்களில் தெரிந்துவிடுகிறது. அதை விட்டுவிட்டு 'பொறுமை' என்று முடித்தால், சப்பாத்து இல்லாத பிள்ளைக்கு நாம் உபதேசம் செய்தவர்களாகிறோம்.

அப்பாஸ் கியாரொஸ்தமியின் 'நண்பனின் வீடு எங்கே?' (1987) விடயத்தில் இந்தப் பிறழ்வு இன்னும் தெளிவு. வகுப்புத் தோழனின் கொப்பி தவறுதலாகத் தன் பையில் வந்துவிட்டதை அஹ்மத் வீட்டுக்கு வந்த பின்னரே காண்கிறான். வீட்டுவேலையைக் கொப்பியில் எழுதாமல் வந்தால் அந்தத் தோழனைப் பாடசாலையை விட்டு நீக்கிவிடுவதாக அன்று காலையில்தான் ஆசிரியர் எச்சரித்திருந்தார். கொப்பியைக் கொடுக்க அயல் கிராமத்துக்குப் போகவேண்டும் என்று அஹ்மத் உம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறான். அவளுக்கு அது காதில் ஏறவில்லை. அவன் மேட்டுப்பாதை வழியே ஓடுகிறான், வீடு கிடைக்கவில்லை. இரவிலிருந்து நண்பனின் வீட்டுவேலையையும் தானே எழுதி முடித்துக் காலையில் கொண்டுபோகிறான்.

நட்புக்கு இலக்கணம் என்று இதனை எல்லோரும் பாராட்டினார்கள். ஆனால் படத்தின் நடுவே ஒரு பாட்டன் வருகிறார். கையில் சிகரட் இருக்கும்போதே பேரனைச் சிகரட் எடுத்துவர அனுப்புகிறார். கீழ்ப்படியப் பழக்குவதற்காம். தனது தந்தை காசு தர மறந்த நாட்கள் உண்டு, அடி தர மறந்ததே இல்லை என்று பெருமையாகச் சொல்கிறார். எங்கள் மண்டபத்தில் இந்தக் காட்சிக்குச் சிரிப்பு எழுந்தது. சிலர் தலையசைத்து ஆமோதித்தார்கள். கியாரொஸ்தமி விசாரணைக்கு நிறுத்தியவரை நாம் நீதிபதியாக ஏற்றுக்கொண்டோம். இந்தப் படத்தில் சொல்வதைக் கேட்காதவர்கள் பிள்ளைகளல்லர், பெரியவர்களே. இறுதிக் காட்சியில் ஆசிரியர் கொப்பியைத் திறந்து பார்க்கிறார், சரியென்று ஒப்பமிடுகிறார். எழுதியது யார் என்பது அவருக்குத் தெரியவில்லை. வீட்டுவேலை இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும் கண் அது. கற்பித்தலைத் தொழிலாகக் கொண்ட எவரும் அந்த ஒப்பத்தைப் பார்த்துவிட்டு நிம்மதியாக எழுந்து போக முடியாது. ஆசிரியர்கள் அதிகம் அமர்ந்திருந்த ஒரு சபையில் அது பேசப்படவேயில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது.

மூன்றாவது உதாரணம் ஜஃபர் பனாஹியின் 'ஓஃப்சைட்' (2006). உதைபந்தாட்ட மைதானத்துக்குள் பெண்களுக்கு அனுமதியில்லாத காரணத்தால் ஆண் வேடமிட்டுப் போகும் சில யுவதிகள் பிடிபட்டு, மைதானத்தின் மேற்பகுதியில் ஒரு தடுப்புக்குள் அடைக்கப்படுகிறார்கள். உள்ளே ஈரானும் பஹ்ரைனும் உலகக் கிண்ணத் தகுதிப் போட்டியில் ஆடுகின்றன. ஆரவாரம் கேட்கிறது, ஆட்டம் தெரியவில்லை. ஜப்பானியப் பெண்கள் இதே மைதானத்தில் போட்டி பார்த்தார்களே என்று ஒருத்தி கேட்கிறாள். ஆண்கள் கத்தும் தூஷண வார்த்தைகள் அவர்களுக்கு விளங்காது என்பது காவலுக்கு நிற்கும் சிப்பாயின் பதில். அப்படியானால் எனது குற்றம் ஈரானில் பிறந்ததுதானா என்று அவள் மடக்குகிறாள். இந்தப் படத்தை ஈரானில் திரையிட அனுமதிக்கவில்லை. 2010இல் பனாஹிக்கு ஆறு வருடச் சிறைத் தண்டனையும் இருபது வருடங்கள் படமெடுக்கத் தடையும் விதிக்கப்பட்டன. அவர் நிறுத்தவில்லை. 2025இல் கான் விழாவின் தங்கப் பனை விருது அவரது படத்துக்குக் கிடைத்தது. 'ஈரானிய சினிமா' என்று நாம் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருப்பதற்குள் அரசின் அனுமதியோடு எடுத்த படங்களும் இருக்கின்றன, அரசு தண்டித்த படங்களும் இருக்கின்றன.

அன்றைய கலந்துரையாடல் உயிரோட்டமாக இருந்தது. ஈரானிய ஆட்சியாளரின் கடும்போக்கை எல்லோரும் கண்டித்தார்கள். கண்டித்தவர்கள் அனைவரும் ஆண்கள். அந்த மண்டபத்தில் ஒரு பெண்கூட இல்லை. வட்டம் தொடங்கிய நாளிலிருந்தே இல்லை. தடை என்று எவரும் அறிவிக்கவில்லை, கதிரை போடவுமில்லை. இரவு நேரம், ஊர் வாய், வீட்டுப் பொறுப்பு என்று காரணங்கள் சொல்லப்பட்டன. தூஷணம் காதில் விழும் என்ற காரணத்தைவிட இவை எந்த வகையில் மேலானவை? நமது கவிதையில் பெண்கள் எழுதத் தொடங்கியதும் அதன் மொழியே மாறியது என்பதை இச்சஞ்சிகையின் வாசகர்கள் அறிவர். திரைப்படம் பற்றிய பேச்சு மட்டும் அவர்களில்லாமல் எப்படி முழுமை பெறும்?

இந்த மூன்று வாசிப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. படத்தை நாம் பார்க்கிறோம். ஆனால் படம் நம்மைப் பார்க்கும் இடம் வந்ததும் பேச்சை மாற்றிவிடுகிறோம். தூரத்து நாட்டுப் படங்கள் இதற்கு வசதியாக இருக்கின்றன. நமது சொந்தக் கதையைச் சொல்லும் படம் வந்தால் என்ன செய்வோம்?

அப்படியொரு படம் இருக்கிறது. பிரசன்ன விதானகேயின் 'இர மதியம' 2003இல் வெளிவந்தது. யுத்தத்தின் நிழலில் மூன்று கதைகள். காணாமற்போன விமானப்படை வீரரான கணவனைத் தேடும் மனைவி. விலைமாதர் விடுதியொன்றில் தன் தங்கையையே காணும் இராணுவச் சிப்பாய். மூன்றாவது, 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதை நினைவூட்டும் கதை. ஊரே பெயர்க்கப்படும்போது தன் நாயை விட்டுப் பிரிய மனமில்லாத அரபாத் என்ற சிறுவனை அது பின்தொடர்கிறது. விடுதலைப் புலிகளின் உத்தரவால் எழுபதினாயிரத்துக்கும் அதிகமானோர் மன்னார், யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா ஆகிய பகுதிகளிலிருந்து பெயர்ந்தார்கள். யாழ் நகரில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். புத்தளத்து ஓலைக் குடிசைகளில் ஒரு தலைமுறை வளர்ந்தது. 2009இல் யுத்தம் முடிந்த பின்னரும் எல்லோருக்கும் மீள்குடியேற்றம் கைகூடவில்லை.

இந்தப் படத்தைத் திரையிடும் யோசனை வட்டத்தில் இரண்டு தடவைகள் முன்வைக்கப்பட்டு, இரண்டு தடவைகளும் ஒத்திவைக்கப்பட்டது. விலைமாதர் விடுதி வருகிறது என்பது ஓர் ஆட்சேபம். முஸ்லிம் சிறுவன் நாய் வளர்ப்பதாகக் காட்டியது நம்மை அறியாதவரின் கற்பனை என்பது மற்றையது. நாய் பற்றிய ஆட்சேபத்தைப் பொருட்படுத்திப் பேச வேண்டும். இயக்குனர் அந்தச் சிறுவனிடம் ஓர் ஆட்டுக்குட்டியைக் கொடுத்திருக்கலாம்; ஒருவரும் முகஞ்சுளித்திருக்க மாட்டார்கள். அப்போது அவன் 'முஸ்லிம் சமூகத்தின்' பிரதிநிதியாக மட்டுமே நின்றிருப்பான். நாயோடு நிற்பவன் தன் வீட்டின் விருப்பத்துக்கும் சற்று வெளியே நிற்கும் ஒரு தனிப் பிள்ளை. பட்டியலில் எண்ணாகிப்போன எழுபதினாயிரம் பேரில் ஒருவனுக்கு முகம் கிடைப்பது அந்த இடத்தில்தான்.

படத்தின் மீது விமர்சனம் இல்லாமலுமில்லை. மூன்று கதைகளையும் தொண்ணூறுகளின் நடுப்பகுதி எனும் ஒரே காலத்தில் வைப்பதால், 1990 என்ற ஆண்டு மங்கிப்போகிறது. துயரங்கள் மூன்றும் சம எடையில் நிறுக்கப்படுகின்றன. யார், எதற்காக, எந்த நாளில் வெளியேற்றினார்கள் என்ற கேள்வி பொதுவான யுத்தத் துயரத்தில் கரைகிறது. வெளியேற்றப்பட்டவர்களுக்கு அந்த நாள் கரையக்கூடியதல்ல. இது வலுவான விமர்சனம் என்றே நினைக்கிறேன். ஆனால் அதைப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 1977இல் யாழ்ப்பாணத்து வாழ்வைத் தமிழில் 'பொன்மணி' என்று படமாக்கியவர் தர்மசேன பத்திராஜ. நமது வெளியேற்றத்தைத் திரைக்குக் கொண்டுவந்தவர் பிரசன்ன விதானகே. சகோதர மொழிக் கலைஞர்கள் இருவருக்கும் நாம் நன்றியுடையவர்கள். ஆனாலும் நமது கதையை மற்றவர் சொன்னவிதம் சரியில்லை என்று குறைப்படும் உரிமை, நாமும் சொல்லத் தொடங்கும்போதுதான் பலம் பெறும்.

திரைப்பட வட்டம் எதற்கு என்ற கேள்விக்கு ஒரு பழைய விடை இருக்கிறது. 1947இல் சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களோடு கல்கத்தாவில் ஒரு திரைப்படச் சங்கத்தை ஆரம்பித்தார்கள். பார்த்தார்கள், பேசினார்கள், எழுதினார்கள். 1950இல் இலண்டனில் 'சைக்கிள் திருடர்கள்' படத்தைக் கண்ட ராய், அதன் கதையோடு அல்ல, தன் வங்காளக் கிராமத்தை எப்படிப் பார்ப்பது என்ற தெளிவோடு திரும்பினார். 1955இல் 'பதேர் பாஞ்சாலி' வந்தது. பிறர் படம் பார்ப்பது தன் ஊரைப் பார்க்கப் பழகுவதற்கே.

நமது வட்டத்திடம் கேட்பது அவ்வளவு பெரிதல்ல. சனிக்கிழமை மாலையில் ஒரு காட்சியையாவது பெண்களும் வரக்கூடிய நேரத்தில் வையுங்கள். படத்தில் நல்லது என்ன என்று கேட்பதற்கு முன், நம்மைச் சங்கடப்படுத்திய காட்சி எது என்று கேட்டுக் கலந்துரையாடலைத் தொடங்குங்கள். 'இர மதியம'வைத் திரையிடுங்கள். வடக்கிலிருந்து வந்து இப்பிரதேசத்தில் குடியேறிய குடும்பங்கள் இருக்கின்றன. அன்றிரவு முதற் பேச்சு அவர்களுடையதாக இருக்கட்டும். உபதலைப்பை வாசிக்கும் அந்த இளைஞரிடம், அடுத்த தடவை நமது ஊர்ப் பிள்ளை ஒருவனின் கதையை நான்கு பக்கத் திரைக்கதையாக எழுதி வரச் சொல்லுங்கள். வாரந்தோறும் பிறருடைய வசனங்களை நம் மொழியில் சொல்லிப் பழகிய குரல் அது.