பெயர் மறக்கப்பட்ட ஆயா: ‘இரகசியப் பூந்தோட்டம்’ — ஒரு மீள்நோக்கு

சிறுவர் இலக்கியம் வர்க்கச் சார்புகளுக்கு அப்பாற்பட்டது என்றதொரு எண்ணம் எம்மிடையே நிலவுகின்றது. இளமையில் விரும்பிப் படித்த நூலொன்றை முதிர்ந்த வயதில் மீண்டும் நோக்குமிடத்து இவ்வெண்ணம் எத்துணை பொருந்தாதது என்பது புலனாகும். பிரான்சிஸ் ஹொட்சன் பேர்னட் எழுதி 1911இல் நூலுருப்பெற்ற ‘இரகசியப் பூந்தோட்டம்’ என்னும் ஆங்கில நாவல் இதற்குத் தக்க சான்றாகும்.

கதை பிரித்தானிய ஆட்சிக்குட்பட்ட இந்தியாவிலே தொடங்குகின்றது. கொலரா பரவுகின்றது. விருந்தொன்றின் பொருட்டே மலைப்பிரதேசத்துக்குச் செல்லாது தங்கியதாகச் சிறுமி மேரியின் தாய் கூறுகின்றாள். விலகிச் செல்லும் வாய்ப்பு அவளுக்கு இருந்தது, வேலையாட்களுக்கு இருக்கவில்லை. மேரியை வளர்த்த ஆயா இறந்த செய்தியை வேலையாட்களின் குடிசைகளில் எழும் ஓலமே அறிவிக்கின்றது. புதிய ஆயா வந்தாற் புதிய கதைகள் சொல்லக்கூடும் என்பதே மேரியின் சிந்தனை. ஆயாவின் பெயர் நாவலிற் போகிற போக்கில் ஒருமுறை மட்டுமே வருகின்றது.

பெற்றோரையும் இழந்த மேரி, யோக்ஷயரிலுள்ள மாமனின் மாளிகையை அடைகின்றாள். அங்கே பணிப்பெண் மார்த்தாவுக்குப் பெயருண்டு, குடும்பமுண்டு. அவளுடைய தந்தையின் வாரக்கூலி 16 சிலிங். பிள்ளைகள் 12 பேர். மகளின் சம்பளத்திலிருந்து இரண்டு பென்ஸ் எடுத்து மேரிக்குக் கயிறடிக்கும் கயிறு வாங்கியனுப்புகின்றாள் மார்த்தாவின் தாய். ஆங்கில ஏழையின் வறுமையைச் சிலிங்கும் பென்சுமாகக் கணக்கிட்டுக் காட்டும் ஆசிரியை, இந்திய ஏழையின் கூலியைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. ஏழைகள்பால் அவருக்கு அனுதாபமில்லையெனக் கூறுதல் பொருந்தாது. அவ்வனுதாபத்துக்கு ஏகாதிபத்தியம் வகுத்த எல்லையையே இங்கு காண்கின்றோம்.

மாளிகையின் வாரிசாகிய நோயாளிச் சிறுவன் கொலின் உறக்கமின்றி வருந்தும் இரவில், ஆயா செய்தவாறே அவன் கையைத் தடவி, அவளிடம் கேட்ட இந்துஸ்தானிப் பாடலை மேரி மெல்லப் பாடுகின்றாள். அவன் உறங்குகின்றான். இறந்துபோன அப்பெண்ணின் உழைப்பு ஆங்கில மாளிகையிலும் பயன்தருகின்றது. ஆயின் அதற்குரிய கடனை நாவல் உணர்வதாயில்லை.

பத்தாண்டுகள் பூட்டிக்கிடந்த தோட்டத்தை மேரியும், மார்த்தாவின் தம்பி டிக்கனும் கொத்திப் பண்படுத்துகின்றனர். இறுதிக் காட்சியிலோ, குணமடைந்த வாரிசு தந்தையுடன் மாளிகை நோக்கி நடந்துவர, வேலையாட்கள் வியந்து நோக்குகின்றனர். தோட்டம் மலர்ந்தது, உடைமையுறவு மாறவில்லை.

இவற்றால் இந்நாவலை ஒதுக்கிவிடல் வேண்டுமென்பது எமது கருத்தன்று. சோம்பலிலும் ஏவலிலும் வளர்ந்த சிறுமி, தன் கையால் மண்ணைக் கிளறுவதாலேயே மனிதத்தன்மை பெறுகின்றாள் என்னும் உண்மை இதன் ஆற்றலாகும். அவ்வாற்றலே குடியேற்ற நாடுகளின் சிறுவரையும் மேரியின் பக்கம் ஈர்த்து, தம் தாயரையொத்த ஆயாவை மறக்கச் செய்தது. இந்நூலை நம் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். அந்த ஆயாவின் பெயர் என்னவென்று அவர்களைக் கேட்கவும் செய்வோம்.