தணிக்கையும் காலத்தாழ்வும்: ‘குற்றப்பத்திரிகை’ திரைப்படமும் புதுச்சேரி எல்லைப்புறமும்

ஆய்வுச்சுருக்கம்

அரசியல் திரைப்படத்தைத் தணிக்கை வெட்டுவது ஒருவகை. காக்கவைப்பது மற்றொரு வகை. பின்னது படத்தின் பொருளையே மாற்றிவிடுகிறது என்பதை ஆர்.கே. செல்வமணியின் ‘குற்றப்பத்திரிகை’ வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: திரைப்படத் தணிக்கை, அரசியல் திரைப்படம், குற்றப்பத்திரிகை, புதுச்சேரி.

முன்னுரை

பிரெஞ்சு ஆட்சிக்காலப் புதுச்சேரி ஆங்கிலேயரின் அச்சுக் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டிருந்தது. 1908இல் ‘இந்தியா’ இதழ் சென்னையிலிருந்து அங்குப் பெயர்ந்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் நுழையத் தடை வந்ததும் 1910இல் நின்றது. எல்லை எழுதுவோர்க்குப் புகலிடம் தந்ததேயன்றி வாசகரைத் தரவில்லை. திரைப்படத்திற்கு இன்று அப்புகலிடமும் இல்லை. 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின்கீழ் நாடு முழுமைக்கும் ஒரே சான்றிதழ்தான். வில்லியனூர், பாகூர் கொம்யூன்கள் நிருவாகத்தால் தமிழகத்தினின்றும் வேறானவை. பாகூரை அடுத்துக் கடலூர் மாவட்ட ஊர்கள் உள்ளன. எனினும் சான்றிதழ் பெறாத படம் எல்லையின் இருபுறத்தாருக்கும் ஒருசேர மறுக்கப்படுகிறது.

செல்வமணியின் முறை

‘புலன் விசாரணை’ (1990) ஆட்டோ சங்கர் வழக்கையும், ‘கேப்டன் பிரபாகரன்’ (1991) வீரப்பனையும் நினைவூட்டுவன. செய்தியின் சூடு ஆறுமுன் அதைக் கதையாக்குவது அவர் முறை. பாதி அறிந்த செய்தியோடு அரங்கினுள் நுழையும் பார்வையாளருக்கு மறுபாதியைப் படம் ஊகமாகத் தருகிறது. 1991 மே 21இல் நிகழ்ந்த இராஜீவ் காந்தி படுகொலையை ஒட்டிய ‘குற்றப்பத்திரிகை’யும் இம்முறையில் உருவானதே. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எடுக்கப்பட்ட அப்படம் தணிக்கைச் சிக்கலால் தடைப்பட்டு, 2007இல்தான் திரைக்கு வந்தது.

தலைப்பின் முரண்

சிறப்புப் புலனாய்வுக் குழு 1992 மே 20இல் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. 1998 சனவரியில் தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. 1999 மே 11இல் உச்ச நீதிமன்றம் நால்வருக்குத் தூக்கை உறுதிசெய்து, மூவருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்து, 19 பேரைக் கொலைக்குற்றத்தினின்றும் விடுவித்தது. ஆக, குற்றச்சாட்டின் பெயர் தாங்கிய படம் இறுதித் தீர்ப்புக்கு எட்டாண்டுகள் பின்னரே வந்தது. விடை தெரியாத வினாவே இவ்வகைப் படத்தின் உயிர். அவ்வுயிர் அரங்கை அடையுமுன்னரே பிரிந்தது. மாறாக, சிவராசனின் இறுதி நாட்களைக் கூறும் ‘சயனைடு’ (கன்னடம், 2006, தமிழில் ‘குப்பி’) தீர்ப்புக்குப் பின் எடுக்கப்பட்டமையால், முடிவு தெரிந்த கதையாகவே தன்னை அமைத்துக்கொண்டது.

தடையின் நியாயமும் எல்லையும்

பொது ஒழுங்கு, நீதிமன்ற அவமதிப்பு ஆகியவற்றைச் சட்டத்தின் 5பி பிரிவு தடைக்குரிய காரணங்களாக ஏற்கிறது. விசாரணை நடக்கையில் இவற்றிற்கு வலு உண்டு என்பதை மறுத்தல் இயலாது. ஆயின் 1999க்குப் பிந்தைய எட்டாண்டுகளுக்கு ‘நிலுவையிலுள்ள வழக்கு’ என்னும் வாதம் பொருந்தாது. மேலும், ‘ஒரே ஒரு கிராமத்திலே’ வழக்கில் (எஸ். ரங்கராஜன் எதிர் பி. ஜெகஜீவன்ராம், 1989) உச்ச நீதிமன்றம், கருத்துக்கும் ஆபத்துக்கும் நெருங்கிய, நேரடித் தொடர்பு வேண்டும் என வரையறுத்திருந்தது. தமிழ்ப்படம் ஒன்று பெற்றுத்தந்த இத்தீர்ப்பின் பயன் மற்றொரு தமிழ்ப்படத்திற்கு உரிய காலத்தில் கிட்டவில்லை.

முடிவுரை

‘குற்றப்பத்திரிகை’யை 2007ஆம் ஆண்டுப் படமாகக் கொண்டு ‘பழைய பாணி’ என்பது திறனாய்வாகாது; அப்பழமை தாமதம் சேர்த்தது. திரைப்பட வரலாறு எழுதுவோர் உருவாக்க ஆண்டையும் வெளியீட்டு ஆண்டையும் தனித்தனியே பதிதல் வேண்டும். 2021இல் திரைப்படச் சான்றிதழ் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் கலைக்கப்பட்டு, மேல்முறையீடுகள் உயர் நீதிமன்றத்துக்கு உரியனவாயின. எனவே காலத்தாழ்வு குறித்த ஆய்வு மேலும் தேவையாகிறது. 1991இல் 18 வயதினராக இருந்த பாகூர்ப் பார்வையாளர், இப்படத்தைச் சட்டப்படி காண இயன்றபோது 34 வயதினர். தணிக்கை அவரிடமிருந்து பறித்தது படத்தையன்று, அதைக் காண வேண்டிய காலத்தை.