வேர்களின் மேல் ஓடும் தடம்

73 வயதுப் பெண் ஒருவர் காட்டுச் சரிவில் மலைச் சைக்கிள் ஓட்டி இறங்குகிறார். ‘நார்த் ஷோர் பெட்டி’ என்ற குறும்படத்தின் சாரம் இதுதான். படகோனியா என்ற உடுப்பு நிறுவனம் 2022இல் வெளியிட்ட படம். கனடாவின் மேற்குக் கரையைச் சேர்ந்த பெட்டி பிரெல், முப்பதுகளில் விண்ட்சர்ஃபிங்கில், அதாவது பாய் கட்டிய பலகையில் அலைமீது செல்லும் விளையாட்டில், பெயர் பெற்றவர். பிள்ளையைத் தனியாக வளர்க்கும் பொறுப்பும் முழுநேர வேலையும் சேர்ந்தபோது அந்த வாழ்க்கை கைநழுவியது. 45 வயதில் மலைச் சைக்கிளைத் தொடங்கினார். படம் எடுக்கப்பட்டபோதும் அதை விடவில்லை.

பெண்கள் பார்க்கவேண்டிய படம் என்றே சொல்வேன். ஆனால் ‘மனசு வைத்தால் எந்த வயதிலும் முடியும்’ என்று சொல்லி இதைப் பாராட்டி முடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அப்படி முடித்தால் முடியாமல் போன பெண்களெல்லாம் மனசு வைக்காதவர்கள் என்றாகிவிடும். பெட்டியின் துணிச்சலைக் கொண்டாடுவதோடு, அவர் சைக்கிள் ஓட்டும் தடம் எப்படி உண்டானது என்றும் கேட்கவேண்டும்.

படம் நடக்கும் இடத்திலிருந்து தொடங்குகிறேன். வான்கூவர் நகரத்திலிருந்து பார்த்தால், கடற்கழிக்கு அக்கரையில் சைப்ரஸ், ஃப்ரோம், சீமோர் என்ற மூன்று மலைகள் தெரியும். மழை மிகுந்த கடலோரக் காடு. பாசி படிந்த பாறைகள், நிலத்துக்கு மேலே புடைத்து நிற்கும் வேர்கள், ஈரம் காயாத மண். இங்குள்ள தடங்கள் இயற்கையாக அமைந்தவை அல்ல. டாட் ஃபியாண்டர், டான் கோவன் போன்றவர்கள் விழுந்து கிடந்த சீடார் மரங்களைப் பிளந்து பலகையாக்கி, சேற்றுக்கும் பள்ளத்துக்கும் மேலே ஏணிபோலப் பாலங்கள் கட்டினார்கள். பல தடங்கள் யாரிடமும் அனுமதி கேட்காமல் வெட்டப்பட்டவை. 1997இல் தடங்களைப் பேணுவதற்கென்று ஒரு சங்கமும் உருவானது. இன்று வேறு நாடுகளில் இப்படி மரப்பாலம் கட்டினாலும் அதை ‘நார்த் ஷோர்’ பாணி என்கிறார்கள். நீரிணைக்கு அப்பால் வான்கூவர் தீவிலும் அதை ஒட்டிய சிறு தீவுகளிலும்கூடக் காடுகளுக்குள் சைக்கிள் தடங்கள் ஓடுகின்றன.

இந்த விளையாட்டின் வரலாறு பெரும்பாலும் ஆண்களின் வரலாறாகவே சொல்லப்பட்டிருக்கிறது. டார்சி டுரேன் என்ற பெண் இயக்கிய ‘தி மொமென்ட்’ (2017) ஆவணப்படத்திலும் மையத்தில் இருப்பவர்கள் மூன்று ஆண்கள்தான். ரெட் புல் ராம்பேஜ் என்ற புகழ்பெற்ற போட்டி அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் 2001இல் தொடங்கியது. முதல் ஆண்டு வென்றவர் நார்த் ஷோரில் வளர்ந்த பாணியின் நாயகர்களில் ஒருவரான வேட் சிம்மன்ஸ். அந்தப் போட்டியில் பெண்களுக்கென்று ஒரு பிரிவு வருவதற்கு 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நியூசிலாந்தின் ராபின் கூம்ஸ் வென்றார். இடையில் ஓடியவை 23 ஆண்டுகள். அத்தனை காலமும் சைக்கிள் ஓட்டத் தெரிந்த பெண்கள் இல்லாமலில்லை.

இந்தப் பின்னணியில் ஒரு மூத்த பெண்ணின் உடலை நடுவில் வைத்ததே படத்தின் பெரிய சாதனை. மூத்த பெண்களைத் திரையில் பாட்டியாகவும் நோயாளியாகவும் தியாகியாகவும் பார்த்துப் பழகியவர்கள் நாம். பெட்டி சரிவில் இறங்குவதால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை. அவருக்கு அது பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். இதன் கனத்தை உணர நம் ஊரை நினைத்துப் பார்த்தால் போதும். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின் வழியாக ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். பெரிய மாற்றம் அது. ஆனால் அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் தண்ணீர் எடுக்க, வேலைக்குப் போக, பிள்ளையைப் பள்ளியில் விட என்று பயன்களையே அடுக்குகிறோம். சைக்கிள் ஓட்டிய அந்தப் பெண்களின் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை ஒரு காரணமாகச் சொல்ல நமக்கு இன்னும் கூச்சம். பயனில்லாமல் விளையாடுவதும் பெண்ணின் உரிமைதான் என்பதைப் பெட்டியின் படம் ஒரு வாதமும் இல்லாமல் நிறுவிவிடுகிறது.

மாணவியர் சிலரோடு சேர்ந்து இந்தப் படத்தைப் பார்த்தேன். முடிந்ததும் ஒருத்தி கேட்டாள்: “இந்தம்மா காட்டுல சைக்கிள் ஓட்டுற நேரத்துல வீட்டுல யாரு மேடம் சோறு வடிச்சிருப்பா?” மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது அன்றைக்குக் கேட்ட விமர்சனங்களில் சிறந்ததாகப் பட்டது.

45க்கும் 73க்கும் நடுவே 28 ஆண்டுகள். மலையேற நேரம் வேண்டும். இறங்க நேரம் வேண்டும். சேறு கழுவ, அடிபட்டால் ஆறவும் நேரம் வேண்டும். தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண்ணுக்கு அந்த நேரம் எங்கிருந்து கிடைத்தது? படத்தின் கதையிலேயே பதிலில் ஒரு பாதி இருக்கிறது. கடலை விட்ட பெண்ணுக்கு மலை கிடைத்தது, அது வசிக்கும் ஊரிலேயே இருந்ததால். அங்கே நுழைவுச்சீட்டு கிடையாது. மாதச் சம்பளம் வரும் வேலை இருந்தது. ஆக, பெட்டியின் மன உறுதிக்குப் பின்னால் எட்டும் தூரத்தில் ஒரு பொதுக்காடும் கொஞ்சம் வருமானமும் இருக்கின்றன. மன உறுதியைப் பிறருக்குப் பாடமாகச் சொல்லித்தர முடியாது. பொதுக்காட்டையும் ஓய்வுநேரத்தையும் கேட்டுப் பெற முடியும். உடுப்பு விற்கும் நிறுவனத்தின் படம் முதலாவதைப் பற்றிப் பேசுவதில் வியப்பில்லை. பெண்ணியம் இரண்டாவதைப் பற்றிப் பேசவேண்டும்.

பெயர்களையும் கவனிக்கவேண்டும். ஃப்ரோம் மலையின் கடினமான தடங்களில் ஒன்றுக்கு ‘லேடீஸ் ஒன்லி’ என்று பெயர். நம் ஊர்ப் பேருந்திலும் ரயில் பெட்டியிலும் அந்தச் சொற்கள் போராடிப் பெற்ற இடத்தைக் குறிக்கின்றன. அங்கே அதே சொற்கள் கடினமான ஒரு சரிவின் தலைவாசலில் நிற்கின்றன. பெயர் வைத்தவர் எதை நினைத்து வைத்தாரோ, படிப்பவர் காதில் அது கேலியாகவே விழும். சற்று நிமிர்ந்து பார்த்தால் அந்த மலைத்தொடரில் இரட்டைச் சிகரங்கள் தெரியும். ஸ்குவாமிஷ் மக்களுக்கு அவை இரு சகோதரிகள். காலனிய வரைபடம் அவற்றைச் ‘சிங்கங்கள்’ ஆக்கிவிட்டது. சகோதரிகளைச் சிங்கங்களாக்கிய அதே நிலத்தில்தான் பெண்களின் பெயர் வேடிக்கையாகவும் ஆகியிருக்கிறது.

இந்தக் காட்டுக்குள் பெண்கள் புதிதாக வந்தவர்களும் அல்லர். ஸ்குவாமிஷ், ட்ஸ்லே-வாடூத் மக்களின் நிலம் இது. சீடார் மரத்தின் பட்டையை உரித்தும் வேரைத் தோண்டிப் பிளந்தும் கூடை பின்னுவது இந்தக் கரையின் பழங்குடிப் பெண்களின் தொழில். அவர்களில் ஒருவர் ஸெவின்செல்வெட். வெள்ளையர் உலகம் அவரை சோஃபி ஃபிராங்க் என்றது. நார்த் வான்கூவரில் ஒதுக்கப்பட்ட பழங்குடிக் குடியிருப்பில் வாழ்ந்தவர். பெற்ற பிள்ளைகளில் பெரும்பாலோரைப் பறிகொடுத்தவர். வீடுவீடாகப் போய்க் கூடை விற்றவர். ஓவியர் எமிலி கார் 1941இல் வெளியிட்ட ‘க்ளீ விக்’ நூலை இந்தத் தோழிக்கே காணிக்கையாக்கினார். அதனால்தான் இந்தப் பெயர் நம் வரை வந்திருக்கிறது. வேர் தேடிக் காட்டுக்குள் நடந்த மற்றப் பெண்களின் பெயர்கள் வரவில்லை.

ஒரே மரம்தான். ஆண்கள் அதைப் பிளந்து பாலம் கட்டியபோது அது உலகம் அறிந்த ஒரு பாணியானது, படங்கள் எடுக்கப்பட்டன. பெண்கள் அதன் வேரைப் பிளந்து கூடை பின்னியபோது அது பழைய துணிக்குப் பண்டமாற்றாகப் போகும் கைவினையாகவே நின்றது. தடம் போட்டவர்கள் என்று நாம் யாரைச் சொல்கிறோம் என்பதில் இத்தனை அரசியல் இருக்கிறது. காட்டுக்குள் முதலில் பாதை போட்டது சைக்கிள்தான் என்ற எண்ணத்தை நார்த் ஷோர் பற்றிய படங்கள் நம்மிடம் விட்டுச்செல்கின்றன. பெட்டியின் படமும் அதைக் கலைக்கவில்லை.

இதனால் பெட்டியின் மீது எனக்கு மதிப்புக் குறையவில்லை. ஒரு குறும்படம் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது என்பதும் தெரியும். சொல்லாமல் விட்டதைப் பார்ப்பவர்கள் பேசவேண்டும். இந்தப் படத்தைத் தோழிகளோடு உட்கார்ந்து பாருங்கள். பெட்டியைப் பார்த்துக் கைதட்டுங்கள். பிறகு, வாரத்தில் எத்தனை மணி நேரம் உங்களுக்கே உங்களுக்கென்று இருக்கிறது, அந்த நேரத்தில் போய்வர ஒரு பொது இடம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று ஒருவரையொருவர் கேட்டு, பதில்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நாம் கேட்டுப் பெறவேண்டியவை அந்தத் தாளில் இருக்கும்.