நிலம் நீங்கிய மலர்: எமில் நோல்டேயின் நீர்வண்ண ஓவியங்கள்

மலர் ஓவியத்தை எளிய கலையாகக் கருதுவோர் உளர். பூ இயல்பாகவே அழகுடையது. அதனைத் தீட்டுவோன் அவ்வழகைக் கடனாகப் பெறுகின்றான் என்பது அவர் கருத்து. செருமானிய ஓவியர் எமில் நோல்டே (1867–1956) தம் கோடைத் தோட்டத்து மலர்களைக் கண்டு தீட்டிய நீர்வண்ண ஓவியங்கள் இக் கருத்தை மறுக்கத் தக்க சான்றுகளாகும். அவ்வோவியங்களின் மேல் இரண்டு கதைகள் ஏற்றப்பட்டுள்ளன. ஒன்று, அவை வட நாட்டு மண்ணின் உயிர்ப்பில் பிறந்தவை என்பது. மற்றொன்று, கொடுங்கோன்மைக்கு அஞ்சாத கலைஞன் மறைவில் படைத்தவை என்பது. முன்னது ஓவியரின் சொற்களிலேயே வேர்கொண்டது. பின்னது 1945-க்குப் பின்னர் வளர்ந்தது. இவ்விரு கதைகளுக்கும் ஓவியங்கள் இடந்தருகின்றனவா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. தோட்டம்

நோல்டேயின் இயற்பெயர் எமில் ஹான்சன். செருமனிக்கும் டென்மார்க்குக்கும் இடைப்பட்ட எல்லைப் பகுதியில் உள்ள நோல்டே என்னும் சிற்றூரில் பிறந்து, 1902-இல் ஆடா என்னும் நங்கையை மணந்த காலத்தில் அவ்வூர்ப் பெயரையே தம் பெயராகக் கொண்டார். ஆல்சன் தீவில் வாழ்ந்தபோது, 1906 முதல் 1908 வரை, அயலார் வீட்டுப் பூந்தோட்டங்களை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். அவர்தம் வண்ணத் திறன் முதன்முதலாக முழுமையுற வெளிப்பட்டது அத்தோட்ட ஓவியங்களில்தான் எனலாம்.

பின்னர்த் தமக்கெனத் தோட்டம் அமைக்கத் தொடங்கினார். 1926-இல் சேபுல் என்னுமிடத்தில், சதுப்பு நிலத்தின் நடுவே உயர்ந்த மேட்டினை வாங்கி, அடுத்த ஆண்டு முதல் அங்கே வீடும் தோட்டமும் அமைத்தார். கடற்காற்று ஓயாது வீசும் அவ்வெளியில் பூச்செடி தானாக வளராது. காற்றைத் தடுக்க அரண் வேண்டும். நீர் வடிய வழி வேண்டும். மண்ணைப் பண்படுத்தவும் வேண்டும். கணவன் மனைவி இருவர் பெயரின் முதலெழுத்துகளாகிய ஆ, எ என்பவற்றின் உரோம வரிவடிவில் பாதைகள் வகுக்கப்பட்டன. குளிர்காலத்தைப் பெர்லின் நகரிலும் கோடையைச் சேபுலிலும் கழிப்பது அவர்தம் வழக்கம். எனவே இத்தோட்டம் ஓவியர் தற்செயலாகக் கண்ட காட்சியன்று. தீட்டுவதற்கு முன்பே அவரால் ஆக்கப்பட்ட பொருள் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

2. நீரும் தாளும்

சேபுல் மலர்கள் எண்ணெய் வண்ணத்திலும் இடம்பெற்றன. ஆயினும் அவற்றின் இயல்புக்கு மிகவும் இயைந்தது நீர்வண்ணமே. நோல்டே பயன்படுத்தியது நீரை விரைந்து உறிஞ்சும் ஜப்பானியத் தாள். அதனை ஈரமாக்கி, தூரிகை நிறைய வண்ணம் தோய்த்து இட்டால், அவ்வண்ணம் தாளின் மேற்பரப்பில் நில்லாமல் இழைகளுக்குள் இறங்கிப் பரவும். ஒரு நிறம் உலர்வதற்குள் மற்றொன்றை அருகில் இட்டால் இரண்டும் எல்லையிற் கலக்கும். அக்கலப்பு எங்கு நிற்கும் என்பதைக் கை முற்றும் வரையறுக்க இயலாது; ஈரமும் தாளும் பாதி வரையறுக்கும்.

இம்முறை சேபுலில் தோன்றியதன்று. 1908-ஆம் ஆண்டையொட்டி யேனா நகரை அடுத்த கொஸ்பேடா என்னும் ஊரில் குளிர்காலத்தே திறந்தவெளியில் அவர் தீட்டியபோது, பனி தாளின்மேல் விழுந்து வண்ணத்தை உறையச் செய்தது. அதனைக் குறையென்று தள்ளாமல், இயற்கையின் பங்கெனவே ஏற்றுக்கொண்டார். தோட்டக்காரன் விதையிட்டு நீர்பாய்ச்சுகின்றான். மலர்ச்சியை அவன் செய்வதில்லை. நீர்வண்ணக்காரன் ஈரத்தையும் நிறத்தையும் அமைக்கின்றான். பரவுதலை அவன் செய்வதில்லை. இரண்டு தொழிலுக்கும் உள்ள இவ்வொற்றுமையே சேபுல் ஓவியங்களின் உயிர்நிலை.

இதன் பயன் ஓவியத்தில் தெளிவாகத் தெரிகின்றது. செந்நிறப் பாப்பி மலரைத் தீட்டும்போது அவர் முதலில் இதழின் விளிம்பை வரைந்து, பின் உள்ளே வண்ணம் நிரப்புவதில்லை. சிவப்பு பரவி நின்ற இடமே இதழின் விளிம்பாகின்றது. கோடு நிறத்துக்கு எல்லை வகுப்பது பிற ஓவியங்களின் முறை. நிறம் கோட்டை ஈன்றெடுப்பது இவற்றின் முறை. பூவின் மென்மையை எடுத்துக்காட்டுவதோடு அமையாமல், அது வாடும் இயல்பையும் ஈரத்தின் வழியே உணர்த்துவதால் இவ்வோவியங்கள் அணிப்பொருள் என்னும் நிலையைக் கடந்து நிற்கின்றன.

3. முதலும் கருவும்

நம் அகப்பொருள் இலக்கணம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், பூ முதலியவற்றைக் கருப்பொருள் என்றும் பகுத்தது. அவ்விலக்கணத்தை அயல்நாட்டு ஓவியத்தின்மேல் விதியாகச் சுமத்துதல் முறையன்று. ஆயினும் ஒரு வினாவை எழுப்ப அது துணைபுரியும்: இப்பூ எந்நிலத்தது? எப்பொழுதினது?

1907, 1908-ஆம் ஆண்டுகளின் எண்ணெய் வண்ண ஓவியங்களில் இவ்வினாவுக்கு விடையுண்டு. பாத்திகளும் பாதையும் காணப்படும். சிலவற்றில் பெண்டிர் உருவமும் இடம்பெறும். நீர்வண்ண ஓவியங்களிலோ மலர் தாள் முழுவதையும் நிரப்பி நிற்கின்றது. வேலி இல்லை, மண் இல்லை, பெரும்பாலானவற்றில் தொடுவானமும் இல்லை. நிலம் முற்றும் நீங்கியது. ஆனால் பொழுது நீங்கவில்லை. ஈரம் உலராத கணமும், குறுகிய வட நாட்டுக் கோடையின் ஒளிமிகுதியும் நிறத்திலேயே தங்கியுள்ளன. முதற்பொருளின் இரு கூறுகளுள் ஒன்றை விலக்கி மற்றொன்றை மிகுவித்ததே இவ்வோவியங்களின் தனித்தன்மை எனக் கொள்ளலாம்.

4. இரு கதைகள்

இனி, இவற்றின்மேல் ஏற்றப்பட்ட கதைகளைக் காண்போம். தம் கலை செருமானிய மண்ணுக்கே உரியது என நோல்டே வலியுறுத்தினார். 1933-இல், உடன்தொழில் ஓவியராகிய மாக்ஸ் பெக்ஸ்டைன் யூதர் என்று அதிகாரியிடம் பழி கூறினார், அது பொய்யுமாகும். 1934-இல் வட சிலேசுவிக் பகுதியின் நாஜிக் கட்சி அமைப்பிற் சேர்ந்தார். எனினும் 1937-இல் செருமானிய அருங்காட்சியகங்களிலிருந்து அவர்தம் படைப்புகள் ஆயிரத்திற்கு மேற்பட்டவை பறிமுதல் செய்யப்பட்டன. ‘சீர்கெட்ட கலை’ எனப் பெயரிட்ட கண்காட்சியிலும் அவர் ஓவியங்கள் இழிவுசெய்யப்பட்டன. அடுத்த ஆண்டு அமைச்சர் கோயபெல்சுக்கு அவர் எழுதிய கடிதம் எதிர்ப்புக் கடிதமன்று. தம் பற்றுறுதியை எடுத்துரைத்து முறையிட்ட கடிதமே. 1941-இல் அவர் கலைஞர் மன்றத்தினின்று விலக்கப்பட்டு, தொழில் செய்யத் தடை பெற்றார்.

போருக்குப் பின் இத்தடை ‘ஓவியம் தீட்டவே தடை’ என விரிந்தது. அக்காலத்துச் சிறு நீர்வண்ணங்களை அவர் ‘தீட்டப்படாத ஓவியங்கள்’ என அழைத்தார். 1963-இல் ஹாஃப்ட்மன் அவற்றைப் பற்றி வெளியிட்ட நூலும், 1968-இல் வெளிவந்த சீக்பிரீட் லென்சின் ‘செருமன் பாடம்’ என்னும் புதினமும் அக்கதையைப் பரப்பின. 2019-இல் பெர்லினில் நடைபெற்ற கண்காட்சி, கடிதங்களையும் ஆவணங்களையும் முன்வைத்து அக்கதையைத் தகர்த்தது. அப்போதைய செருமானியச் சான்சலர் மெர்க்கலின் அலுவலகத்தில் தொங்கிய நோல்டே ஓவியங்கள் இரண்டும் அவ்வாண்டு இறக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று 1915-இல் தீட்டிய பூந்தோட்ட ஓவியம் என்பது குறிப்பிடத்தக்கது.

முதற் கதையை மலர்களே மறுக்கின்றன. சேபுல் தோட்டத்தில் அவர் விரும்பித் தீட்டிய சூரியகாந்தியும் டேலியாவும் அமெரிக்கக் கண்டத்திற்கு உரியவை. அச்சதுப்பு நிலத்தின் குடிமலர்கள் அல்ல. அரணும் உழைப்பும் கொண்டு வளர்க்கப்பட்ட விருந்தினர். அவற்றைத் தாங்கிய தாளும் கிழக்கு நாட்டு வழக்கினது. மண்ணின் கலை எனப் பறைசாற்றியவர், தம் சிறந்த ஓவியங்களில் மண்ணையே வரையவில்லை. கொள்கை சொன்னதனைக் கை செய்யவில்லை.

இரண்டாவது கதையும் நில்லாது. ‘தீட்டப்படாதவை’ பெரும்பாலும் மனித உருவங்களும் கற்பனைக் காட்சிகளுமே. மலர் நீர்வண்ணங்களோ 1941-க்கு நெடுங்காலம் முன்பே தொடங்கியவை. பலவற்றில் ஆண்டுக் குறிப்பே இல்லை. நாளறியாத ஓவியத்தைத் தடைக்காலத்துத் துயரின் சின்னமாகக் கொள்வது சான்றற்ற செயலாகும்.

இங்கு ஓர் ஐயம் எழக்கூடும். ஓவியம் கொள்கையை மறுத்தது எனின், அம்மறுப்பின் பெருமை ஓவியருக்கு உரியதாகாதோ? ஆகாது என்பதே இக்கட்டுரையின் துணிபு. பெக்ஸ்டைன்மேல் சாற்றிய பழியை எந்தச் சூரியகாந்தியும் துடைக்காது. அறிந்து செய்த தீமையை, அறியாது செய்த நன்மைகொண்டு ஈடுசெய்தல் அறநூலுக்கும் ஆகாது, திறனாய்வுக்கும் ஆகாது.

5. முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படுவன மூன்று. ஒன்று, தோட்டத் தொழிலும் நீர்வண்ணத் தொழிலும் பாதியைப் பிறிதோர் ஆற்றலுக்கு விட்டுக்கொடுக்கும் தன்மையால் ஒத்தவை. அவ்வொப்புமையே இவ்வோவியங்களின் சிறப்புக்குக் காரணம். இரண்டு, நிலத்தை நீக்கிப் பொழுதை நிறுத்தும் அமைப்பு, ஓவியர் கூறிய மண்ணுரிமைக் கொள்கைக்கு முரணானது. மூன்று, ஓவியரின் வாழ்க்கையை மறைத்து ஓவியத்தைப் போற்றுவதும், வாழ்க்கையைக் காட்டி ஓவியத்தைப் பாராமல் ஒதுக்குவதும் ஒரே பிழையின் இரு வடிவங்கள்.

ஆட்சி மன்றத்துச் சுவரில் எதனைத் தொங்கவிடுவது என்பது ஆட்சியோர் ஆய்ந்து முடிவு செய்ய வேண்டியது. ஆய்வாளனுக்கு அவ்வுரிமையும் இல்லை, அச்சலுகையும் இல்லை. கடிதங்களை ஒரு கையிலும் ஓவியத்தை மறு கையிலும் ஏந்தி, இரண்டையும் முற்றப் படிப்பதே அவன் கடன். அவ்வாறு படிக்குங்கால், செந்நிறப் பாப்பியின் ஈரம் உலராத இதழ் நம் கண்ணைக் கவர்வதும் உண்மை. அதனைத் தீட்டியவன் செய்தது நம் நெஞ்சைச் சுடுவதும் உண்மை. ஒன்றை மற்றொன்றால் குறைத்துக் கூறாத திறனாய்வே நேரிய திறனாய்வாகும்.